வந்தவர்கள் பட்டியல்

நீதிபதி அம்மா இரண்டு தடவை செத்தார். முதல் தடவை செத்தது அவருக்கே தெரியாது. காலையில் காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்திரிகையைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அந்தப் பழி முழுக்கக் குப்தர் தலையில் விழுந்தது. விழ வேண்டிய தலைதான்.

குப்தர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, ஆபீசில் வைத்தது. அவர் நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்பு பீரோ உண்டு. ஊரில் உள்ள பெரிய மனிதர்கள் எல்லோருக்கும் அதில் இரங்கல் கட்டுரை தயாராக இருக்கும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே. பிறந்தது, படித்தது, பதவிக்கு வந்தது எல்லாம் எழுதி, கடைசிப் பத்தியில் தேதிக்கும் காரணத்துக்கும் மட்டும் இடம் விட்டு, உறையில் போட்டு வைத்திருப்பார். எமனுக்குக் கணக்கப்பிள்ளை சித்திரகுப்தன் அல்லவா? புரூப் பார்க்கிற ஒருவர் விளையாட்டாக வைத்த பெயர், பாதி தேய்ந்து குப்தர் ஆகி, கடைசியில் கட்டிய மனைவியே அப்படிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

சாவுச் செய்தி அச்சுக்குப் போகுமுன் அந்த வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டு மனிதர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்பது ஆபீசில் எழுதாத சட்டம். பதினாறு வருஷத்தில் குப்தர் அதை மீறியதில்லை. அன்றும் மீறவில்லை என்றுதான் ரொம்ப நாள் சாதித்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் செய்தி சொல்கிற வார்டு ஊழியர், "ஏழாம் நம்பர் கட்டில்ல இருந்தவங்க இறந்துட்டாங்க சார்" என்றார். நீதிபதி அம்மா ஏழாம் நம்பர் கட்டிலில் படுத்திருந்தது ஊருக்கே தெரியும். அன்று மதியமே தேறி வீட்டுக்குப் போய்விட்டார் என்பதும், அதே கட்டிலுக்கு வேறொரு அம்மாள் வந்தாள் என்பதும், சாயங்காலம் வேலைக்கு வந்த அந்த ஆளுக்குத் தெரியாது.

குப்தர் போன் போட்டார். மணி அடித்தது, எடுப்பாரில்லை. மறுபடி போட்டார். மூன்றாம் தடவையும் போட்டார். சாவு விழுந்த வீட்டில் ஒன்று முதல் மணியிலேயே எடுப்பார்கள், இல்லாவிட்டால் எடுக்கவே மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். அனுபவம் இருக்கிறதே, மனிதனைக் கவிழ்ப்பதற்கு அதைப் போல ஒரு சாமான் கிடையாது. நீதிபதி அம்மா ஆஸ்பத்திரியில் கெட்ட தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்குவதற்காகப் போனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்.

யானைக்கும் அடி சறுக்கும். ஆனால் யானை சறுக்கினால் யானைக்கு மட்டும்தான் வலி. குப்தர் சறுக்கியதை விடிவதற்குள் ஊர் முழுக்கப் படம் போட்டு விநியோகித்துவிட்டார்கள்.

ஆசிரியர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நீதான் கொன்னே. நீயே போய் எழுப்பிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

குப்தர் போனபோது நீதிபதி அம்மா கூடத்து மேஜையில் உட்கார்ந்து, தன் இரங்கல் கட்டுரையைச் சிவப்புப் பென்சிலால் திருத்திக்கொண்டிருந்தார். பதவியை விட்டு இரண்டு வருஷம் ஆகியும் பென்சில் விடவில்லை. பக்கத்தில் அவருடைய பழைய கோர்ட்டுக் குமாஸ்தா, இன்னும் கோர்ட்டில் நிற்பது போலவே நின்றார்.

"கொன்னவர் நீங்கதானா? உட்காருங்க" என்றார் அம்மா. "நாலு தப்பு இருக்கு. நான் பட்டம் வாங்கின வருஷம் தப்பு. என் அப்பா ஆசிரியர் இல்ல, தபால்காரர். மூணாவது, இந்தப் படத்துல இருக்கிறது நான் இல்ல, என் தங்கச்சி. நாலாவது தப்புதான் கொஞ்சம் பெரிசு. நான் சாகல."

குப்தர் எழுந்து நின்று கை கூப்பினார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"அழாதீங்க. செத்தவளே அழல."

கட்டுரை நடுவில் ஒரு வரி இருந்தது. குப்தர் இரண்டு நாள் உட்கார்ந்து செதுக்கிய வரி. 'பெற்ற மகனையே சட்டத்தின் கையில் ஒப்படைத்த பெருந்தகை.' அதன் அடியில் சிவப்புக் கோடு மட்டும் இருந்தது, திருத்தம் எதுவும் இல்லை.

அந்தக் கதை ஊரறிந்தது. பதினொரு வருஷத்துக்கு முன் அவருடைய ஒரே மகன், இருபத்திரண்டு வயசு, காரை வேகமாக ஓட்டிக்கொண்டு வந்து சைக்கிளில் போன ஒருவர் மேல் ஏற்றிவிட்டான். நிற்காமல் வீட்டுக்கு ஓடிவந்து காரைக் கொட்டகையில் விட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடினான். அந்த மனிதர் பிழைக்கவில்லை. அம்மா கொட்டகைக்குப் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, நேரே வந்து போலீசுக்குப் போன் செய்தார். மகனுக்கு இரண்டு வருஷம் சிறை. அந்த இரண்டு வருஷமும், சலுகை கேட்கப் போனார் என்று ஒரு நாக்கு பேசிவிடக் கூடாது என்பதற்காக, அம்மா ஒரு நாள்கூடப் போய் அவனைப் பார்க்கவில்லை. வெளியே வந்தவன் வேறு ஊருக்குப் போனான். வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

"சாகாமலே தன் சாவுக்கு யார் யார் வராங்கன்னு பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்றார் அம்மா. "எனக்குக் கிடைச்சிருக்கு, உங்க புண்ணியத்துல. ஒரு நோட்டு தரச் சொல்றேன். கேட்ல போய் நில்லுங்க. வர்றவங்க பேரை எழுதிக்கிட்டு, விஷயத்தைச் சொல்லி மரியாதையாத் திருப்பி அனுப்புங்க."

"இது எனக்குத் தண்டனையாம்மா?"

"இல்ல, சாட்சி வேலை. ஒரு பேரும் விட்டுப்போகக் கூடாது."

அன்று முழுக்கக் குப்தர் இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார். வந்தவர்களில் சிலர் உண்மையாகவே சந்தோஷப்பட்டு அவரைத் திட்டினார்கள். சிலர் சந்தோஷப்படாமலே திட்டினார்கள். அம்மாவிடம் வழக்குத் தோற்றே பழகிப்போன கிழட்டு வக்கீல் ஒருவர், பெரிய மலர்வளையத்தோடு வந்திறங்கினார். விஷயத்தைக் கேட்டதும் "அப்படியா" என்றார். அந்த 'அப்படியா'வில் இருந்த ஏமாற்றத்தை அவராலேயே மறைக்க முடியவில்லை. வளையத்தைத் திருப்பி எடுத்துப்போவதா, வைத்துவிட்டுப் போவதா என்று குமாஸ்தாவிடம் கொஞ்ச நேரம் ஆலோசித்துவிட்டு, "இருக்கட்டும், உதவும்" என்று வைத்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் அம்மா, "நான் மாடியில போய்ப் படுக்கிறேன், நீங்க பார்த்துக்குங்க" என்று ஏறிப் போனார்.

ஐந்தே முக்காலுக்கு ஒருவர் வந்தார். நீலச் சட்டை, தோளில் ஒரு பை, பஸ்ஸில் பல மணி நேரம் உட்கார்ந்து வந்த கசங்கல். கேட்டில் கையை வைத்தவர் தள்ளவில்லை. மூக்கும் நெற்றியும் அம்மாவை அச்சில் வார்த்தது மாதிரி இருந்தன.

"எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க. அம்மா நல்லா இருக்காங்க. அது தப்பான செய்தி. நான்தான் அந்தத் தப்பைப் பண்ணினவன். உள்ள வாங்க, மாடியிலதான் இருக்காங்க."

அந்த மனிதர் கேட்டிலிருந்து கையை எடுத்தார். தெருவோரம் அப்படியே குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டும் என்று தெரிந்தது.

"வழி முழுக்கப் பேசிக்கிட்டே வந்தேன் சார், அவங்ககூட" என்றார். "செத்தவங்ககிட்டப் பேசலாம், பதில் வராது. ஏண்டா வந்தேன்னு கேக்க மாட்டாங்க. உயிரோட இருக்கிறவங்க முன்னாடி போய் நிக்க எனக்குத் தைரியம் இல்ல."

"ஒரு நிமிஷம் வந்து நில்லுங்க தம்பி. பேசவே வேண்டாம்."

"வேண்டாம். நீங்க பத்திரிகைக்காரர்தானே? நான் வந்தது எழுதுறதுக்கு இல்ல. சொல்றதுக்கும் இல்ல. அவங்ககிட்டகூட."

இந்த இடத்தில் குப்தருடைய இன்னொரு சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு குடிநீர் ஆபீஸ் ஊழியர் 'எழுதுறதுக்கு இல்ல' என்று சொன்ன ஒரு விஷயத்தை அவர் எழுதிவிட்டார். பெயர் போடவில்லை. ஆனாலும் மேலே இருந்தவர்கள் ஆளைக் கண்டுபிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஊழியரின் மனைவி ஒரு நாள் பத்திரிகை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, குப்தரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அன்றிலிருந்து, எழுதாதே என்று ஒருவர் சொன்னால் குப்தருக்கு அது கல்லில் வெட்டினது மாதிரி. மனைவியிடம்கூட மூச்சு விட மாட்டார். "கல்லுளிமங்கன்கிட்ட வாழ்க்கைப்பட்டேன்" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

"சரி தம்பி, சொல்ல மாட்டேன்" என்றார் குப்தர்.

போகுமுன் அந்த மனிதர் நோட்டை வாங்கி, கடைசித் தாளில் ஒரு போன் நம்பர் எழுதினார். "நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடை. அவங்களுக்கு நிஜமாவே ஏதாவதுன்னா சொல்லுங்க" என்றார். குப்தர் அந்தத் தாளைக் கிழித்து மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டார்.

விளக்கு வைத்த பிறகு அம்மா கீழே வந்தார். நோட்டை வாங்கி ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். கடைசிப் பக்கம் வரை புரட்டினார்.

"அறுபத்து மூணு பேர்."

"ஆமாம்மா."

"யாரும் விட்டுப்போகலையே?"

"இல்லம்மா."

அவர் குப்தரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?"

"இல்லம்மா."

"சரி" என்று நோட்டை மூடினார். பிறகு, ரொம்பச் சாதாரணமாக, "என்னைக் கொன்னுட்டீங்க. கொன்னது யாரைன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? என் வாழ்க்கையை எழுதுங்க. நான் சொல்றேன்" என்றார்.

அப்படித்தான் குப்தர் வாழ்க்கை வரலாற்று ஆசிரியர் ஆனார். தண்டனைக்குப் போனவனுக்குப் பதவி கிடைத்த கதை. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று வருஷம், அந்தக் கூடத்து மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தபால்காரர் மகள் தெருவிளக்கில் படித்தது, கோர்ட்டில் முதல் நாள் ஒரு கட்சிக்காரர் அவரைக் கூட்டுகிறவள் என்று நினைத்துக் காகிதத்தைப் பொறுக்கச் சொன்னது, கணவர் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது, எல்லாம் வந்தது. அம்மா சொல்லச் சொல்லக் குப்தர் எழுதுவார். ஒவ்வொரு நாளும் முடியும்போது அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்பார்: "வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா?" வழக்கை முடிக்கிற நீதிபதியின் பழக்கம் என்று குப்தர் நினைத்துக்கொண்டார். சொல்ல வேண்டியவர் அவர், கேட்டு எழுத வேண்டியவன் நான், என்னிடம் ஏன் கேட்கிறார் என்று ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். அத்தனை பேரைக் கேள்வி கேட்டுப் பிழைத்த மனிதருக்குத் தன்னைக் கேட்டுக்கொள்ளத் தெரியவில்லை.

மகனைப் பற்றிய அத்தியாயத்தை அம்மா ஒரே நாளில் சொல்லி முடித்தார். கடைசி வரியை மட்டும் மெதுவாக, தீர்ப்பு வாசிக்கிற மாதிரி சொன்னார்: "நான் இறந்துவிட்டதாகச் செய்தி வந்த அன்றும் அவன் வரவில்லை. எழுதிக்கிட்டீங்களா?"

குப்தரின் பேனா நின்றது.

"என்ன, ஏதாவது தப்பா இருக்கா?"

பர்சில் இருந்த தாள் தொடையைச் சுட்டது. ஆபீஸ் வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணின் பார்வையும் ஞாபகம் வந்தது. "இல்லம்மா, சரியா இருக்கு" என்று சொல்லி எழுதிக்கொண்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். குப்தர் அதைப் புத்தகத்தில் மறைத்தார், ஊர் பரிசு கொடுத்தது.

ஆமாம், புத்தகம் ஓகோ என்று ஓடியது. குப்தர் பத்திரிகை வேலையை விட்டார். பிறகு ஒரு டாக்டர், ஒரு பந்தாட்டக்காரர், கப்பல் கட்டுகிற ஒருவர் என்று பதினெட்டு வருஷத்தில் ஏழு புத்தகங்கள் எழுதினார். எல்லோரும் பேசுவார்கள். பேச்சு சூடு பிடிக்கிற இடத்தில் குரலைத் தாழ்த்தி, "இது எழுதுறதுக்கு இல்ல" என்பார்கள். குப்தர் பேனாவை மூடிவிடுவார். மூடினதும் அவர்கள் முகம் ஒரு மாதிரி வாடும். புத்தகம் வந்த பிறகு பாதிப் பேர் போன் செய்து, "எல்லாம் நல்லா இருக்கு, ஆனா அதை ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்பார்கள். "நீங்கதானே வேண்டாம்னீங்க" என்பார் குப்தர். "ஆமா, சொன்னேன்தான்" என்று இழுப்பார்கள். இந்த மனிதர்களைத் திருத்தவே முடியாது என்று குப்தர் மனைவியிடம் சிரித்துக்கொண்டு சொன்னதுண்டு.

அவள் சிரிக்கவில்லை. "வேண்டாம்னு சொல்றவங்க எல்லாம் வேண்டாம்னா சொல்றாங்க? எனக்குப் பொறந்த நாளுக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்னேன். நீங்க நிஜமாவே ஒண்ணும் வாங்கல" என்றாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை, தான் கொன்ற தேதியில், குப்தர் நீதிபதி அம்மாவைப் பார்க்கப் போவார். "என் திவசத்துக்கு வந்துட்டீங்களா" என்று அம்மா வரவேற்பார். டீ வரும், பேச்சு வரும், கிளம்பும்போது அந்தக் கேள்வியும் வரும். சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு போன வருஷங்கள் உண்டு. கேட் வரைக்கும்தான் தீர்மானம் தாங்கும். கொடுத்த வாக்கு என்று ஒன்று இருக்கிறதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு திரும்பி வருவார், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இருபத்தொன்றாம் வருஷம், எண்பத்து மூன்று வயசில், நீதிபதி அம்மா இரண்டாம் தடவையாகச் செத்தார். குமாஸ்தாதான் போன் செய்தார். குப்தர் யாரையும் எதையும் கேட்கவில்லை. நேரே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பர்சிலிருந்து நாலாக மடிந்து நைந்துபோன தாளை எடுத்து நம்பரைப் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"தம்பி, நான் அந்தப் பத்திரிகைக்காரன்."

"இந்தத் தடவை நீங்களே பார்த்தீங்களா சார்?" என்று கேட்டார் மகன்.

"தொட்டுப் பார்த்துட்டுத்தான் பேசறேன்."

மகன் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது, விரல்களில் கண்ணாடி வெட்டிய பழைய தழும்புகள். இந்தத் தடவை கேட்டில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை, அழவும் இல்லை. ஊர் அவரைப் பார்த்துத் தங்களுக்குள் ஏதோ பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு குமாஸ்தா குப்தரிடம் ஒரு காகிதப் பொட்டலத்தைக் கொடுத்தார். "அம்மா உங்ககிட்டத் தரச் சொன்னாங்க. தான் போனதுக்கப்புறம்தான் தரணும்னு கண்டிப்பாச் சொன்னாங்க."

உள்ளே இரண்டு பொருள்கள். ஒன்று அந்த அறுபத்து மூன்று பெயர் நோட்டு. மற்றது குப்தரின் முதல் புத்தகம், அம்மாவின் பிரதி. அதைக் கூடத்து மேஜையில் வைத்துப் பிரித்தார். பக்கம் பக்கமாகச் சிவப்புப் பென்சில். ஒரு கமாவைக்கூட விடவில்லை. மகன் அத்தியாயத்தின் கடைசி வரிக்குப் பக்கத்தில், ஓரம் முழுக்க, அந்தச் சின்ன நிமிர்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தது:

'அன்று மாலை ஐந்தே முக்கால். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். நீலச் சட்டை. இளைத்திருந்தான். கேட்டில் கை வைத்தான், திறக்கவில்லை. தெருவில் உட்கார்ந்து அழுதான். நானும் இறங்கிப் போகவில்லை. கால் வரவில்லை. நோட்டில் கடைசித் தாள் இல்லை. சாட்சியைக் கேட்டேன், யாரும் விட்டுப்போகவில்லை என்றார். தப்பான வரியைச் சொல்லிப் பார்த்தேன், சாட்சி திருத்தவில்லை. அவர் சொல்லியிருந்தால் அதைச் சாக்காக வைத்து அவனைக் கூப்பிட்டிருப்பேன். குற்றம் சாட்சி மேல் இல்லை. கேள்வியை நேராகக் கேட்காத நீதிபதி மேல்.'

குப்தர் அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. படிக்க முடியவில்லை. இருபத்தொரு வருஷம், எத்தனை நாள், எத்தனை தடவை, 'வேற ஏதாவது சொல்ல வேண்டியது இருக்கா' என்று அந்த அம்மாள் இந்த மேஜையிலேயே உட்கார்ந்து பிச்சை கேட்பது போலக் கேட்டிருக்கிறார். அத்தனை தடவையும் 'இல்லம்மா' என்று சொன்ன வாய் இது. அறுபத்தொரு வயசு மனிதர் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, குமாஸ்தா பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல் விக்கி விக்கி அழுதார்.

பக்கத்து அறையில் மகன் தன் பையை மூடிக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. இந்தப் பக்கத்தைக் காட்டினால் அந்த மனிதர் மிச்ச வாழ்நாளெல்லாம் இதைச் சுமக்க வேண்டும். காட்டாவிட்டால், அம்மா தன்னைப் பார்க்கவே இல்லை என்ற நினைப்போடு போய்விடுவார், அதிலும் ஒரு நிம்மதி இருக்கும். பொட்டலம் தனக்கென்று வந்ததுதானே, மூடிவைத்தால் கேட்பவர் யார்? குப்தருக்கு மறைத்தே பழகிய கை. அந்தக் கை புத்தகத்தை மூடவும் செய்தது. பிறகு அவர் எழுந்து, மூடிய பக்கத்தில் விரலை வைத்தபடியே அடுத்த அறைக்குப் போனார்.

"தம்பி, இதைப் படிங்க."

மகன் நின்றபடி படித்தார். படித்துவிட்டு மாடிப் பக்கம் அண்ணாந்து பார்த்தார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க" என்றார் குப்தர். "நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தினேன்."

"காப்பாத்தினீங்க." மகன் குரலில் கோபம் இல்லை. "சார், அந்த நம்பரை உங்ககிட்ட எதுக்குக் கொடுத்தேன்னு நினைச்சீங்க? ஊர்ல சாவு நடந்தா ஒருத்தர் சொல்லித்தான் தெரியணுமா? முதல் தடவை பேப்பர் பார்த்துத்தானே வந்தேன். நீங்க அவங்ககிட்டச் சொல்லிடுவீங்க, அவங்க நம்பரை வாங்கிக் கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள போன் வந்திருக்கும்னு, பஸ் ஸ்டாண்டுலேருந்து நேரே கடைக்குத்தான் போனேன். நடுவுல நல்ல வேலை ரெண்டு வந்தது, போகல. முதலாளி கடையை வேற தெருவுக்கு மாத்தினார். சண்டை போட்டு நம்பரை மட்டும் மாத்த விடல."

"சொல்லாதீங்கன்னு சொன்னீங்களே தம்பி" என்றார் குப்தர்.

"சொன்னேன்தான்" என்றார் மகன்.

குமாஸ்தா விளக்கைப் போட்டுவிட்டு வெளியே போனார். பிறகு குப்தர், வேறு என்ன செய்வது என்று தெரியாமல், வாழ்நாள் முழுக்க எந்தத் துக்கத்துக்கும் எதைச் செய்தாரோ அதையே செய்தார். நோட்டைத் திறந்து, அறுபத்து மூன்றாவது பெயருக்கு அடியில் அறுபத்து நாலு என்று எண் போட்டு, பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

மகன் தழும்பு விழுந்த கையை நீட்டி அந்தப் பக்கத்தை மூடினார்.

"வேண்டாம் சார். இது சாவுக்கு வந்தவங்க பட்டியல். அன்னிக்கு அம்மா உயிரோட இருந்தாங்க."